கடைசியாக விட்ட கோப்பு

அந்த ஹார்ட் டிஸ்க் ‘டிக், டிக்’ என்று சத்தம் போட்டபோதே அதற்கு இனி அதிக நேரம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து சொந்த ஊரான எருக்கலம்பிட்டிக்குத் திரும்பி வந்து, மன்னார் நகரில் கணினி திருத்தும் கடை போட்டு அப்போது மூன்று வருடம். உப்புக்காற்றில் கெட்டுப்போன டிஸ்க்குகளை நிறையவே பார்த்திருந்தேன்.

கொண்டுவந்தவர் பிரான்சிஸ்கா ரீச்சர். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து குடும்பமாகத் திரும்பி, அரிப்புப் பக்கத்தில் ஒரு கரையோரக் கிராமத்தில் முன்பள்ளி நடத்திவந்தவர். அங்கே கணினி இருந்த ஒரே வீடு அவருடையது. ஆகவே ஊரே அதற்குள் இருந்தது. பிள்ளைகளின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ்கள், காணி அனுமதிப்பத்திரங்கள், கோயிலில் எடுத்த முதல் நன்மைப் படங்கள், றொகான் என்ற இளைஞனின் கலியாண வீடியோ என்று ஒவ்வொருவரும் தங்கள் பெயரில் ஒரு கோப்புறை போட்டு, நம்பிக்கையான வீட்டு அலுமாரியில் வைப்பதுபோல் வைத்திருந்தார்கள்.

டிஸ்க் எந்த நிமிடமும் நின்றுவிடலாம், எதை முதலில் எடுக்க என்று கேட்டேன். ரீச்சர் யோசிக்கவே இல்லை.

“சனத்தின்ரை எல்லாத்தையும் முதல்ல எடுங்கோ தம்பி. என்ரை கடைசியா இருக்கட்டும். அதுக்குள்ள ஒண்டே ஒண்டுதான் கிடக்கு, இவரின்ரை குரல்.”

அவருடைய கணவர் அமிர்தநாயகம் முந்தின வருடம் சிறுநீரக நோயால் இறந்தவர். மாலைச் செபத்துக்கு வீட்டில் இருக்க முடியவில்லையே என்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி செபமாலையைக் கைபேசியில் பதிந்து அனுப்பியிருக்கிறார். ஒருவர் முதற்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்வது அவர்கள் வழக்கம். அவர் முதற்பாதியை மட்டும் சொல்லி, வீட்டார் மறுமொழி சொல்ல இடம்விட்டுப் பதிந்திருந்தார். கைபேசி பிறகு உடைந்துபோனது. அவர் போன பின்பும் ரீச்சரும் மகள் டினோஜாவும் ஒவ்வொரு மாலையும் கணினியைப் போட்டு அந்தக் குரலுக்கு மறுமொழி சொல்லி வந்தார்கள். டிஸ்க் திணறத் தொடங்கிய பின்பும் நிறுத்தவில்லை. செபத்தை இடையில் விடக்கூடாது என்று, அது முக்கி முக்கி முடிக்கும்வரை முழங்காலிலேயே காத்திருந்தார்களாம். அதனாலேயே அது இன்னும் வேகமாகப் பழுதானது என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

பிறர் நம்பி ஒப்படைத்ததை எங்கள் மார்க்கத்தில் அமானிதம் என்போம். அதை இப்படிக் காக்கிற ஒருவரைப் பார்த்ததும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அந்த நிறைவில், செய்யவேண்டிய கணக்கை நான் செய்யவில்லை.

மேசை விசிறியை டிஸ்க்கின்மேல் திருப்பிவைத்து, இருபது நிமிடம் ஓடவிட்டு, பிறகு ஆறவிட்டு வேலை செய்தேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குமுன் சான்றிதழ்களும் காணிப் பத்திரங்களும் படங்களும் வந்துவிட்டன. அடுத்தது றொகானின் வீடியோ. பெரிய கோப்பு, வழிநெடுகப் பழுது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இழுத்தது. அது முடிந்ததும் ரீச்சரின் கோப்புறையைத் திறந்தேன். ‘அப்பா செபமாலை’ என்ற பெயர் திரையில் வந்தது. அத்தோடு டிஸ்க் நின்றது.

கொழும்பில் தெரிந்த ஒருவருக்கு அனுப்பிப் பார்த்தேன். உள்ளே தகடு கீறுப்பட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பினார்.

அந்தக் கிழமை றொகான் ஏதோ அலுவலாகக் கடைக்கு வந்தான். வீடியோவைக் காப்பாற்றியதைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

“அதுக்கு ஏன், நானா, மினக்கெட்டனீங்கள்? வீட்டில ரெண்டு சீடி கிடக்கு. முருங்கன்ல மாமி வீட்டிலயும் ஒண்டு. மனிசி வாற ஆக்களுக்கெல்லாம் போட்டுக் காட்டி, இப்ப ஒருத்தரும் அந்தப் பக்கம் போறேல்லை.”

இது வேறெங்காவது இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இப்போது வருகிற எல்லாரிடமும் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பஸ் ஏறி ரீச்சர் வீட்டுக்குப் போனேன். புது டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவருடைய கோப்பை எடுக்க இரண்டு நிமிடம் போதும், அதை முதலில் எடுத்திருந்தால் ஊரார் எவருக்கும் ஒன்றும் குறைந்திருக்காது என்பதையும் சொன்னேன்.

“நான்தானே தம்பி கடைசி எண்டு சொன்னனான்” என்றார்.

“சொன்னது நீங்கள் ரீச்சர். தெரிஞ்சிருந்தது எனக்கு.”

அவர் எழுந்தார். உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுவந்தார். கண்ணைத் துடைத்துவிட்டு வந்திருந்தார். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டுத்தான் கேட்டார்.

“றொகானுக்கு மட்டும் இதைச் சொல்லிப்போடாதேங்கோ. பிறகு அந்தப் பெடியனுக்குத் தன்ரை கலியாண வீடியோவைப் பார்க்க மனம் வராது.”

சரி என்றேன். இன்றுவரை சொல்லவில்லை.

வெளிக்கிட்டபோது பொழுது சாய்ந்துவிட்டது. படலையைச் சாத்தும்போது உள்ளே செபம் தொடங்கியது. முதற்பாதியை டினோஜா சொன்னாள். சொல்லி முடித்துக் காத்திருந்தாள். ரீச்சரின் மறுமொழி வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது.