புகை விடும் கார்

பென்னியின் கைக்குப் பொறுமை கிடையாது என்பது கல்யாணமான மறுநாளே ஷைனிக்குத் தெரிந்துவிட்டது. சோறு வேகுமுன்னே மூடியைத் திறந்து பார்க்கிற ஆள். ரிமோட்டில் ஓடும் பொம்மைக் கார்தான், ஆனால் உள்ளே எரிபொருள் குடிக்கும் நிஜ என்ஜின்; போன காரின் என்ஜினை வாங்கிய அன்றே விரட்டிக் கருக்கியவனும் அவன்தான். அதைச் சொல்லிச் சொல்லியே, கூட வேலை பார்க்கும் மணவாளன் கம்பெனி கேன்டீனில் அவன் மானத்தைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை கவரைப்பேட்டை காலி மனையில் இருவர் காருக்கும் பந்தயம். தோற்றால் கேன்டீனில் தலைகாட்ட முடியாது. புருஷன் முகம் வாடினால் ஷைனிக்குத் தாங்காது.

புது என்ஜினைப் பழக்க வேண்டும். எரிபொருள் வரும் வழியிலுள்ள திருகைத் தளர்த்தி, எண்ணெயை நிறையக் குடிக்கவிட்டு, புகை கக்கக் கக்க மெதுவாக ஓட்டினால்தான் பிஸ்டன் படியும். இறுக்கினால் வேகம் வரும், கூடவே சூடும் ஏறும். பென்னியோ ஸ்குருடிரைவரும் கையுமாக அலைந்தான்.

"ஆமை மாரி போவுது ஷைனி. ஒரே ஒரு திருகு!"

சொன்னால் கேட்கிற ஜென்மமா? எரிபொருளில் கலந்திருந்த விளக்கெண்ணெய் தெருவெல்லாம் மணந்தபோது ஷைனிக்குக் குறும்பு முளைத்தது. பக்கத்து வீட்டு ஈஸ்வரியின் காதில் போட்டாள்.

"எங்க ஊட்டுக்காரரு கொசுப் பொகை வண்டி செஞ்சிகீறாருக்கா. மூலிகைப் பொகை!"

அவ்வளவுதான். கம்பெனிப் புகையைத் திட்டாத வாய் கும்மிடிப்பூண்டியில் கிடையாது. இந்தப் புகைக்கு மட்டும் வாசலுக்கு வாசல் வரவேற்பு.

"தம்பி, எங்க ஊட்டுக் காவாயாண்ட ஒரு ரவுண்டு உடுப்பா!" என்றாள் ஈஸ்வரி.

பென்னி திருகைக் கொஞ்சம் இறுக்கினாலும் புகை மெலியும். உடனே தெருவே கத்தும். "இன்னாப்பா, பொகை கம்மியா வருது?"

"பேஜாரு" என்று முனகிக்கொண்டே திரும்பத் தளர்த்துவான். தானாக வந்த நல்ல பெயரைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்? கொசு ஒன்றுகூடச் சாகவில்லை. என்ஜின் மட்டும் பதமாகப் பழகிவிட்டது.

ஞாயிறன்று ஷைனியே ஸ்குருடிரைவரை நீட்டினாள். "இப்ப இறுக்குங்க. பொகை நூலாட்டம் வரணும், அதோட நிறுத்திக்கங்க."

பென்னியின் கார் சீறிப் பாய்ந்தது. முந்துகிற வெறியில் மணவாளன் தன் திருகை ஒட்ட இறுக்கியிருந்தான். கடைசிச் சுற்றில் அவன் கார் கிறீச்சிட்டு நின்றேவிட்டது.

"எப்டி நைனா, கருக்காம வெச்சிக்கினு இருந்தே?" என்றான் மணவாளன், தோற்ற முகத்தோடு.

பென்னி காலரைத் தூக்கிவிட்டான். "எல்லாம் பொறுமைதான். அது பொறப்புலயே இருக்கணும். இன்னா ஷைனி?"

அவளுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. பந்தயத்தோடு இதையும் ஜெயித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

"ஆமாமா. எங்க தெருவுல வேணா கேட்டுப் பாருங்க."