நூறு சதம் காட்டன்

வீரபாண்டியில் பனியன் கம்பெனி நடத்தும் வெள்ளியங்கிரிக்கு, பரிசலில் மீன் பிடிப்பவர்களைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று திடீரெனத் தோன்றியது. லைஃப் ஜாக்கெட்டைக் கடையில் வாங்குவது கௌரவக் குறைவு. தன் கம்பெனியிலேயே ஐம்பது தைக்கச் சொல்லி, மார்பில் தன் படத்தையும் அச்சடித்து, சேவூர்ப் பக்கத்துக் குளத்துக்குக் கொண்டுவந்தார்.

மீனவர் தங்கதுரை, தான் போட்டிருந்த வெளுத்த ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கழற்றாமலே, புதியதை அழுத்திப் பார்த்தார்.

"உள்ள என்னங்க வெச்சிருக்கீங்க?"

"பனியன் கட்டிங் வேஸ்ட்டு. நூறு சதம் காட்டன்."

"காட்டன் தண்ணி குடிக்குமேங்க மொதலாளி."

"எங்கிட்ட பனியன் வாங்கற ஜெர்மனிக்காரனே கொறை சொன்னதில்ல, நீ சொல்றயா?"

நிரூபித்துவிடுவதென்று வெள்ளியங்கிரி அதை மாட்டிக்கொண்டு, தங்கதுரை துடுப்புப் போட, பரிசலில் ஏறினார். அவர் கழற்றி நீட்டிய பழைய ஜாக்கெட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. குளத்தின் நடுவில், கரையிலிருந்த போட்டோகிராபருக்காக எழுந்து நின்று இரண்டு கைகளையும் அசைத்தார். பரிசல் சாய்ந்தது. அவருக்கு நீச்சல் தெரியாது. காட்டன் வயிறு நிறையக் குடித்தது. முதலில் தலை மட்டும் தெரிந்தது, பிறகு கை மட்டும்.

தங்கதுரை துடுப்பை நீட்டி அவரை இழுத்தார். ஊறிக் கனத்ததை அறுத்தெறிந்து, பழையதை மாட்டிவிட்டுக் கரை சேர்த்தார்.

"மேடேறிட்டோமுங்க. கழட்டிக் குடுங்க."

வெள்ளியங்கிரி ஜாக்கெட்டின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டுங்க தங்கதுரை. கார்ல போட்டுட்டே போறேன். வழியில பாலம் ஒண்ணு வருதுங்க."