எங்க டிபார்ட்மென்ட் இல்லை

வேட்பாளரின் கார் டிரைவர் அவர். தேர்தல் முடிவைப் புரட்டித் தருவதாக வெளிநாட்டு ஆட்கள் முதலாளியிடம் பின்சீட்டில் பேரம் பேசியதைத் தன் காதால் கேட்டவர். அதைச் சொல்லத்தான் காலையிலிருந்து அலைந்துகொண்டிருந்தார்.

"வெளிநாடுன்னா உளவுத்துறைக்குப் போங்க" என்று போலீஸ் கைவிரித்தது. உளவுத்துறை தேர்தல் அலுவலகத்துக்குக் கை காட்டியது. அங்கே அதிகாரி கொட்டாவி விட்டார்.

"குற்றம்னா போலீஸ்தானே பார்க்கணும்?"

"அங்கேர்ந்துதான் சார் வர்றேன். பந்து மாதிரி உதைக்கிறீங்களே, யாராவது ஒருத்தர் கோல் போடுங்க!"

அதிகாரி சிரித்துவிட்டார். "கவலைப்படாதீங்க. எங்க வேலை இல்லைன்னாலும் நடைமுறைப்படி உங்க வேட்பாளர்கிட்ட விளக்கம் கேட்போம். மத்த ரெண்டு ஆபீஸும் இந்நேரம் கேட்டிருக்கும்."

"என் பேரைச் சொல்லியா?"

"புகார் குடுத்தவர் பேர் இல்லாம எப்படிக் கேக்கறது?"

டிரைவரின் செல்போன் அடித்தது. மனைவி. "என்னங்க, உங்க முதலாளியோட ஆளுங்க வந்திருக்காங்க. நீங்க வர்ற வரைக்கும் இருப்பாங்களாம். கதவை அவங்களே சாத்திட்டாங்க."

"சார், வீட்டுக்குள்ள புகுந்துட்டாங்க! யாரையாவது அனுப்புங்க!"

அதிகாரியின் முகம் வெளுத்தது. போனை எடுத்தவர், எண்ணை அழுத்தாமல் நிமிர்ந்தார்.

"உங்க வீடு எந்த ஸ்டேஷன் எல்லையில வருது?"