தங்கையின் தோலும் அக்காவின் தோலும்

இருவரும் ஒரே அச்சில் வார்த்த இரட்டையர்கள். சற்று முந்திப் பிறந்த குற்றத்துக்காக ஒருத்தி அக்கா ஆனாள்; பேருந்து ஓட்டுகிறாள். தங்கை அழகு நிலையத்தில் முடி வெட்டிக்கொண்டிருந்தாள், கத்தரிக்கோல் வளையத்துக்குள் விரல் நுழைய மறுக்கும் வரை. குளிர்ந்த நீர் பட்டால் விரல் நுனிகள் வெளுத்தன. பிறகு கைத்தோல் இறுகிப் பளபளத்தது, வாய் சுருங்கியது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பின்மேல் பாயும் நோய் என்றார் மருத்துவர்.

"இனிமே எங்களை யாரும் மாத்திக் கூப்பிட மாட்டாங்க" என்றாள் தங்கை.

ஆராய்ச்சிக்காக இருவர் தோலையும் ஒப்பிட்டுப் பார்க்க மருத்துவர் அனுமதி கேட்டார். அக்கா மறுபேச்சில்லாமல் கையை நீட்டினாள். மரத்துப்போக ஓர் ஊசி, பயறளவு தோல், ஒரு தையல். தையலைப் பார்த்தபடி யோசித்தாள். ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள். நாளைக்குத் தனக்கும் வந்தால்?

சில மாதங்கள் கழித்து மருத்துவர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். காயம் ஆற உடம்பு கொலாஜன் என்ற நாரைச் செய்கிறது. செய்தது போதும் என்று அடக்கிவைப்பவற்றில் மைக்ரோ ஆர்.என்.ஏ என்ற நுண்துணுக்குகளும் உண்டு. அவற்றில் ஒரு வகை தங்கையின் தோலில் வெகுவாகக் குறைந்திருந்தது; நார் அளவுக்கு மீறிச் சேர்ந்து தோல் இறுகியிருந்தது. அக்காவுக்கு வழக்கமான அளவு.

"பிரேக் தேஞ்ச மாதிரியா?" என்றாள் அக்கா.

"கிட்டத்தட்ட. ஆனா அது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது. அதைச் சரிபண்ற மருந்தும் இன்னும் வரல."

அக்காவுக்கு வரவே வராது என்றும் அவர் உறுதி சொல்லவில்லை. இருந்தும் அவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அது முகத்தில் தெரிந்துவிடக் கூடாதென்று கார்வரை வாய் திறக்காமல் நடந்தாள். உள்ளே உட்கார்ந்ததும் தங்கைதான் ஆரம்பித்தாள்.

"உனக்கு நல்லா இருக்குன்னு சொன்னதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு."

"எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு."

"தெரியும். அதான் ஊமையா வந்தே."

அக்கா தங்கையின் சீட் பெல்ட்டை எட்டி மாட்டிவிட்டு வண்டியை எடுத்தாள்.

நோய் எதிர்ப்பைத் தணிக்க முன்பே தந்திருந்த மாத்திரைகள் தொடர்ந்தன. இறுக்கம் குறையவில்லை, பரவுவது மட்டும் மெதுவானது. தங்கை அழகு நிலையத்தின் வரவேற்பு மேசைக்கு மாறினாள். அடுத்த ஆண்டு மருத்துவமனை மறுபடியும் தோல் கேட்டது. இருவரும் சேர்ந்தே போனார்கள். முடிவு யாருக்கு எப்படி இருந்தாலும் இந்த முறையும் சேர்ந்தே கேட்பதென்று முன்கூட்டியே பேசிவைத்திருந்தார்கள்.