சிவப்புக் கரைத் துண்டு

எழில்வாணன் புரட்சிக்காரரா, வெறும் சினிமாக்காரரா என்று என்னிடம் யாரும் கேட்காதீர்கள். தென்காசியில் இதைப் பேசாத டீக்கடை கிடையாது. பேசுகிறவர்கள் எல்லாரும் அவரைத் திரையில் பார்த்தவர்கள். நான் அவர் முதுகில் எண்ணெய் தேய்த்தவன். அப்படியும் எனக்குப் பதில் தெரியவில்லை. அதுதான் எரிச்சல்.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்ப்பது என் தொழில். சாரல் விழுந்துவிட்டால் மூன்று மாதத்துக்கு அருவிக்கரைப் பாறைதான் எங்களுக்குக் கடை. பெரிய மனிதர்கள் பாறைக்கு வரமாட்டார்கள். நாங்கள் எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பங்களாவுக்குப் போகவேண்டும். பண்ணையார் சிவனணைந்தபெருமாளின் பங்களா என் முறை. தென்காசிக்கு மேற்கே கண்ணுக்கு எட்டும்வரை வயல் அவருடையது. என் தம்பி வேல்சாமி அவர் வயலில் பாடுபட்டான், நான் அவர் உடம்பில் பாடுபட்டேன்.

தேய்க்கிறவன் தானாகப் பேசக்கூடாது. கேட்டால் பதில் சொல்லலாம், அவ்வளவுதான். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பண்ணையார் முன்னாலோ அவருடைய ஆள் முன்னாலோ எங்கள் துண்டு தோளில் கிடக்கக்கூடாது, இறக்கி இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அவர் தோளில் என் கை கிடக்கலாம், என் தோளில் என் துண்டு கிடக்கக்கூடாது. இருபது வருஷம் அவரைத் தேய்த்திருக்கிறேன், இது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் பங்குனியில் எழில்வாணன் படம் டூரிங் கொட்டகைக்கு வந்தது. சுவரெல்லாம் 'புரட்சிக் குரலோன்' என்று கொட்டை எழுத்து. படத்தில் அவர் ஒரு கூலிக்காரன். ஜமீன்தார் எதிரே வருகிறபோது இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாடுவார்:

'இடுப்பில் இருந்த துண்டு இனித் தோளுக்கு ஏறட்டும்
எவன் முன்னும் இறங்காமல் அங்கேயே ஆறட்டும்!'

அந்த இடத்தில் தரை டிக்கெட் மொத்தமும் எழுந்து துண்டை மேலே எறியும். வேல்சாமி பதினொரு தடவை பார்த்தான். மாசம் முடிவதற்குள் கடைத்தெருவில் சிவப்புக் கரை போட்ட 'எழில்வாணன் துண்டு' விற்பனைக்கு வந்துவிட்டது. அவனும் ஒன்று வாங்கி, ஓரம் அடிக்கத் தையல்காரர் ஏசுதாசனிடம் கொடுத்தான்.

ஏசுதாசன் கடையில் ஒரு பக்கம் தையல் மெஷின், மறுபக்கம் கட்சி நோட்டீஸ்கள். பண்ணையாட்கள் சங்கத்துக்காகப் பத்து வருஷமாக அலைகிற ஆள்.

"லட்சக்கணக்குல சம்பளம் வாங்குதான். அவனுக்குப் புரட்சின்னா என்னன்னு தெரியுமாலே? கேமராவ நிறுத்துனா துண்ட மடிச்சு பொட்டில வச்சிருவான்" என்றார் அவர்.

வேல்சாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "அண்ணாச்சி, அவரு மடிச்சு வைக்கட்டும். எனக்குத் தோளு இருக்குல்லா?" என்றான்.

அந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டுதான் அவன் ஆனி மாதம் கார் நெல்லுக்கு உழப் போனான். அப்பேர்ப்பட்ட துணிச்சல் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. பண்ணையின் காரியஸ்தர் பிச்சுமணி வரப்பில் வந்து நின்று, "துண்ட எறக்குலே" என்றிருக்கிறார். வேல்சாமி கேட்காதவன் மாதிரி ஏரைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறான். அவர் எட்டி ஒரு நுனியை இழுக்க, இவன் மறுநுனியை விடாமல் அவர் கையைத் தட்ட, வரப்புச் சேற்றில் வழுக்கி விழுந்து அவர் மணிக்கட்டு முறிந்துவிட்டது. வழக்குப் போட்டார்கள். தம்பி சப்ஜெயிலுக்குப் போனான்.

பண்ணையார் சொல்லியனுப்பினார்: துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து காலில் விழட்டும், ராஜியாகிவிடலாம். வேல்சாமி முடியாது என்றுவிட்டான். அவன் பெண்டாட்டி உலகம்மை ஏழு மாதக் கர்ப்பிணி. அவனைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்.

"பண்ணையார்ட்ட நம்ம ஆளு யாரும் போய் நிக்கக்கூடாதாம் அத்தான். நின்னா, வெளிய வந்தாலும் அவிய இந்த வீட்ல இருக்கமாட்டாவளாம்."

"புள்ளத்தாச்சி நீ. நீயும் அதத்தான் சொல்லுதியா?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அவிய என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான். நீங்க சத்தியம் பண்ணுங்க."

பண்ணையாரிடம் போய்க் கேட்கமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அந்த வாரமே, தொண்டைக்கு ஓய்வு கொடுக்க எழில்வாணன் குற்றாலத்துக்கு வந்து இறங்கினார். இறங்கிய இடம் பண்ணையார் பங்களா. பஜாரே அல்லோலகல்லோலப்பட்டது. ஏசுதாசன் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"புரட்சி யாரு வீட்ல வந்து தங்கியிருக்கு பாத்தியாலே பலவேசம்?"

எனக்கு அவரை அடிக்கலாம் போல் இருந்தது. இருக்க ஒரு இடம் வேண்டும், தங்கியிருக்கிறார், அதனால் என்ன? என் மனசு வேறு கணக்குப் போட்டது. நான் சத்தியம் செய்தது பண்ணையாரிடம் கேட்கமாட்டேன் என்று. எழில்வாணனிடம் கேட்கமாட்டேன் என்று செய்யவில்லையே! பெரிய கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பங்களாப் பின்கட்டில் அவர் குப்புறப் படுத்திருந்தார். ஐந்தருவிப் பக்கமிருந்து சாரல் வீசிக்கொண்டிருந்தது. எண்ணெயைக் காய்ச்சி எடுத்துப்போய் முதுகில் கை வைத்தேன். வழவழப்பான உடம்புதான், ஆனால் தோள்பட்டைக்குக் கீழே மூன்று தடிப்புகள் விரலில் பட்டன. நீளமான, பழைய தடிப்புகள். என் கை நின்றுவிட்டது.

"என்னப்பா நின்னுட்டே? அது நாடகக் கம்பெனி வாத்தியார் பிரம்பு. அப்போ எனக்கு ஒன்பது வயசு. வசனம் மறந்துபோச்சு" என்றார் அவர். குரலில் வருத்தம்கூட இல்லை.

அடி வாங்கின முதுகு இது, பட்டவன்தான் பாடியிருக்கிறான் என்று தோன்றியது. இருபது வருஷத்தில் முதல்தடவையாக நானாக வாயைத் திறந்தேன். தம்பி, துண்டு, பிச்சுமணி, சப்ஜெயில், உலகம்மை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பண்ணையார் காலில் அவன் விழமாட்டான் என்பதையும் சொன்னேன். அதை அழுத்திச் சொன்னேனா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். தோளிலிருந்து எண்ணெய் வழிந்தது.

"என் பாட்டைக் கேட்டா இதைச் செஞ்சான்?"

"ஆமாங்கய்யா. பதினொரு தடவ படம் பாத்தான்."

அவர் கண் கலங்கியிருந்தது. அது பெருமையா, பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை. "நான் பேசறேன். உன் தம்பி நாளைக்கு வீட்டுக்கு வருவான்" என்றார்.

சொன்னபடியே நடந்தது. மறுநாள் மத்தியானம் பண்ணையாரின் ஆளே ஜாமீன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக, வேல்சாமியை நான் வெளியே கூட்டிவந்தேன். ஜாமீன் எழுதியது யார் என்று அவனிடம் நான் சொல்லவில்லை. எழில்வாணன் உன்னைப் பார்க்கவேண்டும் என்கிறார் என்று மட்டும் சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! குளித்து, தலைவாரி, சிவப்புக் கரைத் துண்டை மடிப்புக் கலையாமல் தோளில் போட்டுக்கொண்டான். பஸ்ஸில் குற்றாலம் வரும்வரை என்னென்னவோ கேட்டுக்கொண்டே வந்தான். நேரில் கறுப்பா சிவப்பா, குரல் அதேமாதிரி இருக்குமா என்று.

பங்களா வாசலில் நின்றுவிட்டான்.

"இது பண்ணையார் பங்களால்லா? நீ அவருட்ட கேட்டியாண்ணே?"

"இல்லலே. எழில்வாணன்ட்டதான் பேசுனேன். சத்தியமா."

அது பொய்யில்லை. அவன் நம்பி, தோளில் துண்டோடு, தலை நிமிர்ந்து உள்ளே நடந்தான். நான் என் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

கூடத்தில் பண்ணையார் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிப் படுத்திருந்தார். பக்கத்தில் காரியஸ்தர், கையில் கட்டு. எழில்வாணன் எழுந்து வந்து வேல்சாமியைக் கட்டிக்கொண்டார். என் தம்பியை!

"தம்பி, ஐயா பெரிய மனசு பண்ணியிருக்கார். வழக்கை விட்டுடறேன்னு சொல்லிட்டார். நீ ஒரு தடவை அவர் காலைத் தொட்டுடு. அதோட முடிஞ்சுபோகும்" என்றார் எழில்வாணன்.

வேல்சாமி பண்ணையாரைப் பார்க்கவே இல்லை. எழில்வாணனைத்தான் பார்த்தான்.

"நீங்க பாடுனதுதானங்கய்யா நான் செஞ்சேன்" என்றான் மெதுவாக.

"பாட்டு வேற தம்பி." அவர் குரல் தழுதழுத்தது, நடிப்பு இல்லை. "வாத்தியார் காலில் நான் எத்தனை தடவை விழுந்திருக்கேன் தெரியுமா? அன்னிக்கு விறைச்சுக்கிட்டு நின்னிருந்தா என்னை அடிச்சே கொன்னிருப்பாங்க. விழுந்தேன், பிழைச்சேன், இன்னிக்குப் பாடறேன். உன் பெண்டாட்டி வயித்துல பிள்ளை இருக்கு. நீ ஜெயில்ல கிடந்தா அதுக்கு யார் இருக்கா?"

வேல்சாமி அசையவில்லை. அப்போது எழில்வாணன், தாய் பிள்ளைக்குச் சட்டை மாற்றுகிறமாதிரி, அவன் தோளிலிருந்த துண்டைத் தன் கையாலேயே எடுத்தார். குனிந்து அவன் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டார். "ஒரு நிமிஷம்தான்டா கண்ணு" என்றார்.

வேல்சாமி போய் விழுந்தான்.

பண்ணையார் காலை இழுத்துக்கொள்ளவில்லை. "பாட்டுக்காரர் சொன்னா மாடுகூடக் கேக்கும் போலிருக்கே" என்று சிரித்தார். எழில்வாணன் தன் படத்தில் கையெழுத்துப் போட்டு வேல்சாமி கையில் கொடுத்தார். நல்லது செய்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. எனக்கு அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தது.

சேதி எங்களுக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டது. எழில்வாணனே தன் கையால் துண்டை இறக்கிக் கட்டிவிட்டாராம்! பங்குனியில் பாட்டு எவ்வளவு வேகமாகப் பரவியதோ அதைவிட வேகமாக இதுவும் பரவியது. மறுநாள் காலை வயலுக்குப் போன பையன்களைப் பார்த்தேன். வேல்சாமியைப் பார்த்துத் தோளுக்கு ஏறியிருந்த சிவப்புக் கரையெல்லாம் இடுப்பில் இருந்தது. யாரும் அவர்களை மிரட்டவில்லை.

ஏசுதாசன் கேலி செய்வார் என்று எதிர்பார்த்துத்தான் அவர் கடைக்குப் போனேன். வாய்க்கு வந்தபடி திட்டிவிடலாம் என்றும் இருந்தேன். அவர் கேலி செய்யவில்லை.

"பத்து வருஷமா நோட்டீஸ் குடுக்கேன். ஒரு தோள்லயும் துண்டு ஏறல. அவன் ஒரு பாட்டுல ஏத்திட்டான். நான்தான் அவன லேசா நெனச்சிட்டேன்" என்றார்.

"ஏத்துனவரே எறக்கிட்டாரே அண்ணாச்சி."

"ஆமா" என்றார். "வேற எவன் எறக்கியிருந்தாலும் திரும்ப ஏத்திரலாம்."

மூன்றாம் நாள் வேல்சாமி மூட்டை கட்டினான். செங்கோட்டையில் ரயில் ஏறி மலைக்கு அந்தப் பக்கம் ஏதாவது எஸ்டேட்டில் சேரப்போவதாகச் சொன்னான். உலகம்மையும் தயாராக நின்றாள். ஏழு மாதத்து வயிற்றோடு மலைப்பாதையில் எங்கே போவாள்?

"ஏலே, நான் சத்தியத்த மீறலியே. பண்ணையார்ட்ட ஒரு வார்த்தகூடக் கேக்கலியே" என்றேன். அழுகை வந்துவிட்டது எனக்கு.

அவன் மூட்டையைக் கீழே வைத்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பண்ணையார்ட்டயே கேட்டிருக்கலாம்ணே. அவரு கையின்னா தட்டிவிட்டிருப்பேன்."

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். உலகம்மை ஒருதடவை திரும்பிப் பார்த்தாள், அவன் பார்க்கவில்லை.

கையெழுத்துப் போட்ட படத்தை அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதுதான் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. துண்டை மட்டும் கொடியில் விட்டுப் போயிருக்கிறான். பங்களாவுக்குக் கிளம்புகிறபோதெல்லாம் அதை எடுத்துப் பார்க்கிறேன். தோளில் போட எனக்குத் துணிச்சல் இல்லை, இடுப்பில் கட்டவும் கை வரவில்லை. மறுபடி கொடியிலேயே போட்டுவிட்டு வேறு துண்டு கட்டிக்கொண்டு போகிறேன்.