இரண்டு மடங்குக் கடல்

கடலை வீட்டுக்குள் கொண்டுவருவது மனித குலத்தின் நெடுங்கனவு என்று கணக்கு வாத்தியார் அறிவித்தார். மனித குலம் முதலில் இந்தத் தரையைத் துடைக்கட்டும் என்றாள் அவர் மனைவி.

பழைய தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். அதற்குள் உப்புத் தண்ணீர், பாறைத் துண்டுகள், அவற்றில் ஒட்டி வளரும் பவளங்கள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி மீன். பெரியது பெண். அது திரும்பினால் சின்னதும் திரும்பும், நின்றால் நிற்கும். வாத்தியார் மனைவி அவற்றுக்கு மேடம், கிளார்க் என்று பெயர் வைத்திருந்தாள். அவள் விரலைக் கண்ணாடியில் வைத்தால் மேடம் மேலே வரும். வாத்தியார் விரலை அது கண்டுகொள்வதில்லை.

புதுத் தொட்டி எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு. "ஆகவே தண்ணியும் ரெண்டு மடங்கு" என்று வாத்தியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பழைய தண்ணீர் ஒரு பங்கு. கடையில் வாங்கிய கடல் உப்பை முழுவதும் கரைத்து, முந்தின நாளே டிரம்மில் சுற்றவிட்ட புதுத் தண்ணீர் ஒரு பங்கு. திறந்து வைக்கத் தலைமையாசிரியர் வருகிறார். தொட்டியின் குறுக்கே சிவப்பு ரிப்பன்கூடக் கட்டியாயிற்று.

தூக்குவதற்கு மைத்துனனை வரவழைத்திருந்தார்கள்.

"இதுல நானே கால நீட்டிப் படுக்கலாம் போலிருக்கே, அத்தான்!"

"கை வைக்காத மாப்ள, ரேகை படும். இதெல்லாம் சயின்ஸ்."

"அந்த சயின்ஸை மூணு மாடி தூக்கிட்டு வந்தது யாராம்?"

மீன்களை வாளிக்கு மாற்றினார்கள். பாறைகளைப் புதுத் தொட்டியில் அடுக்கினார்கள். புதுத் தண்ணீர் முழுவதையும் ஊற்றினார்கள். நாலு விரல் உயரம் வந்தது. பழைய தண்ணீரையும் ஊற்றினார்கள். ஒரு சாண்கூட வரவில்லை.

"ம், ஊத்துங்க அத்தான்."

"ஊத்தியாச்சு."

"மிச்சம்?"

"அதுதான்டா மிச்சமும்."

வாத்தியார் டிரம்மை எட்டிப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். உதடுகள் அசைந்தன.

"எட்டு," என்றார்.

"என்னது எட்டு?"

"நீளம், அகலம், உயரம் மூணுமே ரெண்டு மடங்குன்னா, தண்ணி எட்டு மடங்கு."

"இத நீங்க ஸ்கூல்ல நடத்துறீங்கதானே?"

"போன வாரம் நடத்துனேன்."

உப்பு தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. கிடைத்தாலும், அன்றே கரைத்த உப்புத் தண்ணீர் மீனுக்கு ஆகாது. கீழே ஒரு கார் வந்து நின்றது.

வாத்தியார் குளியலறைக்கு ஓடிப் பச்சை ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். தலைமையாசிரியர் மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கி, காபி குடிப்பதற்குள் பாதியாவது நிறைந்துவிடும்.

மனைவி வாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். "என்னங்க, அது நல்ல தண்ணி."

"அவர் போற வரைக்கும்தான். அப்புறம் எடுத்துடலாம்."

"எதுக்கு எடுக்கணும்? அதுக்குள்ள பவளம், மீனு எல்லாமே போயிருக்கும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. வாத்தியாருக்கு அதுதான் சங்கடமாக இருந்தது. குனிந்து வாளியின் விளிம்பைப் பிடித்தார். மேடம் மேலே வந்து அவர் விரலுக்கு நேரே நின்றது. கிளார்க்கும் பின்னாலேயே வந்தது. வாளியில் வேறு போக்கிடம் இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம். ஆனால் வாத்தியார் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"குழாயைத் திறக்காதடா மாப்ள," என்றார்.

ரப்பர் குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு மீன்களையும் அவரே கையில் ஏந்தி, அந்த ஆழமில்லாத தண்ணீரில் விட்டார். எழுந்தபோது வாசலில் தலைமையாசிரியர் நின்றிருந்தார்.

நாலடிக் கண்ணாடிப் பெட்டி. அடியில் கொஞ்சம் தண்ணீர். பவளம் ஒட்டிய துண்டுகள் தண்ணீருக்குள் படுத்திருக்க, மற்றப் பாறைகள் வழுக்கைத் தலைகளைப் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"என்ன சார், தண்ணி அடியில கிடக்கு?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். "சார், அது வந்து, கணக்குல ஒரு சின்ன..."

"கடல் உள்வாங்கியிருக்குங்க சார்," என்றாள் மனைவி. "தினம் ரெண்டு தடவ இறங்கும், ஏறும். சின்னத் தொட்டியில அது தெரியாது. பெரிசுன்னா நல்லாவே தெரியும்."

மைத்துனன் அவசரமாகப் பால்கனிக்குப் போனான்.

தலைமையாசிரியர் தொட்டியைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆமாமா, இந்த நேரத்துக்கு இறங்கத்தானே செய்யும்," என்று சொல்லிவிட்டு ரிப்பனை வெட்டினார்.

எல்லாரும் கைதட்டினார்கள். மேடம் முன்னாலும் கிளார்க் பின்னாலுமாக, இருந்த தண்ணீரில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்துகொண்டிருந்தன. வாத்தியார் கைதட்டவில்லை, பச்சைக் குழாயின் நுனி இன்னும் அவர் கக்கத்தில்தான் இருந்தது.

தலைமையாசிரியர் ஆவதற்கு முன்பு அவர் இருபது வருடம் புவியியல் நடத்தியவர்.