முதல் கையெழுத்து

ருக்னுதீன் ராவுத்தர் எதையும் மறக்கிற ஆள் இல்லை. ஜொகூர் பாருவில் மங்கீஸ் சந்து முனையில் இருபது வருஷமாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். எவன் முன்னாலும் குனிந்து பேசியதில்லை.

நாலு வருஷத்துக்கு முன் மழை பொய்த்த மாதத்தில் அவர் மனைவி சம்சாத் பேகம் செம்புக் குடத்தோடு யஹ்யா மரைக்காயர் வீட்டுக் கிணற்றுக்குப் போனாள். சந்தில் எல்லோருமே அங்கேதான் இறைத்தார்கள். குடம் நிறைந்து இடுப்பில் ஏறியபோது மரைக்காயர் வாசலுக்கு வந்தார்.

"எச்சித்தட்டு கழுவுற வீட்டுக் குடம் எங்க கிணத்துல விழக்கூடாது. கவுத்துட்டுப் போ."

சந்தே பார்த்து நின்றது. சம்சாத் பேகம் நிறைகுடத்தை அவர் வாசற்படியில் கவிழ்த்துவிட்டு வெறுங்குடத்தோடு வீடு வந்தாள். ராவுத்தர் அந்தக் குடத்தை அடுப்படி மூலையில் கவிழ்த்து வைத்தார். "நான் எடுக்கிற வரைக்கும் இது இப்படியே இருக்கட்டும்" என்றார். இருந்தது.

பிறகு நகரத்தின் சுகாதார போர்டு ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தது. சந்துக்கு ஒருவர் மாதம் ஒருமுறை வந்து, சாக்கடை, விளக்கு, தண்ணீர் பற்றித் தங்கள் பக்கத்து ஆலோசனையைச் சொல்லலாம். சந்துக்காரர்கள் வழக்கப்படி முதலில் மரைக்காயரிடம்தான் போனார்கள். அவருடைய பாட்டனார் பள்ளிவாசலுக்கு நிலம் கொடுத்தவர். அதனால் நிக்காஹ் புத்தகமோ மனுவோ, ஜமாத்தில் எந்தக் காகிதத்திலும் முதல் கையெழுத்து அந்த வீட்டுக்குத்தான்.

"கண்ட சந்துலேருந்து வர்ற மாட்டு வண்டிக்காரனோட ஒரே பெஞ்சில நான் உக்காரவா? வேற ஆளைப் பாருங்க" என்றார் மரைக்காயர்.

மாட்டு வண்டி ஓட்டும் ஐயாசாமியும் ஆப்பம் சுட்டு விற்கும் பேச்சியம்மாளும் நேரே ராவுத்தர் கடைக்கு வந்தார்கள். ராவுத்தர் சம்மதித்தார்.

முதல் கூட்டத்திலேயே, மங்கீஸ் சந்தில் தண்ணீர் தேங்குவதாக வரைபடத்தில் இல்லையே என்றார் எஞ்சினியர் துரை. "படத்துல நாங்க குடியிருக்கல துவான். நாளைக்கு வெள்ளைச் சப்பாத்துப் போட்டு வாங்க" என்றார் ராவுத்தர். துரை வந்தார். முழங்கால் வரை சேற்றோடு திரும்பினார். மூன்றே மாதத்தில் சாக்கடை வந்தது. அதன்பின் சந்தில் யாருக்கு என்ன குறை என்றாலும் ராவுத்தர் கடைக்கு வந்தார்கள்; மரைக்காயர் வாசலில் கூட்டம் குறைந்தது.

அடுத்த வருஷம் கொசு பெருகிக் காய்ச்சல் பரவியது. போர்டு சந்துக் கிணறுகளை மூடச் சொன்னது. மரைக்காயர் கிணறும் மூடப்பட்டது. ஒன்றரைக் கல் தொலைவிலிருந்து அவர் வீட்டு ஆள் தண்ணீர் சுமந்தான். சந்துக்காரர்கள் குழாய் கேட்டு மனுப் போட வேண்டியதாயிற்று.

மனுத்தாளின் தலைப்பில் போர்டு ஒரு விதியை எழுதியிருந்தது. சந்து முனைகளில் வைத்த குழாய்களைக் கேட்பாரில்லாமல் யார் யாரோ உடைத்துப் போட்டிருந்ததால், இனி மனுவில் முதலில் கையெழுத்திடுபவர் வாசலில்தான் குழாய் நிற்கும். அதற்கு அவரே பொறுப்பு. கூட்டத்தில் இதை வாசித்தபோது ராவுத்தர் அடுப்படி மூலைக் குடத்தை நினைத்துக்கொண்டார்.

மனுவை அவரே எடுத்துப்போய் மரைக்காயர் முன்னால் வைத்தார்.

"வழக்கப்படி முதல் எடம் உங்களுக்குத்தான், மரைக்காயரே. மேல விதி எழுதியிருக்கு. படிச்சுட்டுப் போடுங்க."

"எம்பேருக்கு மேல என்ன இருந்தா எனக்கென்ன? எம்பேரு மேல இருக்கா, அது போதும்." மரைக்காயர் பேனாவை நன்றாகத் தோய்த்து, அரைச் சாண் நீளத்துக்குக் கையெழுத்துப் போட்டார். "இப்பவாவது எடம் தெரிஞ்சு நடக்கிறீங்களே ராவுத்தரே."

"தெரியாம இருக்குமா?" என்றார் ராவுத்தர். மை காயும்வரை அங்கேயே நின்றார்.

ஒரு மாதம் கழித்து, மண் வெட்டிக்கொண்டே வந்த கூலியாட்கள் மரைக்காயர் வாசற்படியில் நின்றார்கள். மரைக்காயர் தொப்பிகூடப் போடாமல் சாப்பாட்டுக் கடைக்கு ஓடிவந்தார். பதினைந்து பேர் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஊர்க் குடமெல்லாம் எம் வாசல்ல மோதவா? பைப்பை மாத்தச் சொல்லு!"

"உக்காருங்க, தேத்தண்ணி குடிங்க."

"உன் கடைத் தேத்தண்ணி எவனுக்கு வேணும்? நீ சொன்னா போர்டு கேக்குமாமே!"

"போர்டு என்னைக் கேக்காது. நான் இந்தச் சந்தோட வாய். சந்து சொன்னா நான் சொல்லுவேன். இருபது வீட்டுக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க, நானே கொண்டுபோறேன்."

மரைக்காயர் வாழ்நாளில் முதன்முறையாக வீடு வீடாகப் போனார். "அலமாக்! வாசல்ல தண்ணி வர்ற பாக்கியத்தை வேணாங்கிறீங்களே மொதலாளி" என்று ஐயாசாமி மாட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். பேச்சியம்மாள் ஆப்பச்சட்டியிலிருந்து நிமிரவே இல்லை. "அன்னிக்குக் குழாய் வேணும்னு கட்டைவிரல் வச்சேன். இன்னிக்கு விரலெல்லாம் மாவு, சாமி." இருபது வேண்டிய இடத்தில் அவருக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

குழாய் திறந்த காலையில் ராவுத்தர் மூலைக் குடத்தை எடுத்துத் தூசி தட்டி மனைவி முன் வைத்தார்.

"நானா போகணும்? கடை ஆள் போகக் கூடாதா?" என்றாள் சம்சாத் பேகம்.

"கவுத்தது நீ. நெறைக்கிறதும் நீதான்."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். ராவுத்தர் பத்தடி பின்னால் போனார். வரிசையில் நின்ற பெண்கள் சொல்லாமலே விலகி வழிவிட்டார்கள். மரைக்காயர் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். பொறுப்பு அவருடையது, உள்ளே போகவும் முடியாது.

குடம் நிறைந்து வழிந்தது. சம்சாத் பேகம் அதை இடுப்பில் ஏற்றி, இரண்டடி நடந்து, அதே வாசற்படியில், அதே இடத்தில், மரைக்காயர் கால் நனைய முழுக்கக் கவிழ்த்தாள்.

"அன்னிக்கு நீங்க சொல்லித்தான் கவுத்தேன், அண்ணே" என்றாள். "இது நானாக் கவுத்தது."

பிறகு குடத்தை மறுபடி குழாயடியில் வைத்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. அன்று மத்தியானம் ராவுத்தர் வீட்டுச் சோறு அந்தத் தண்ணீரில்தான் வெந்தது.